ரங்கூன் தாத்தாவின் கோட்டு

எங்கள் வீட்டுப் பூஜை மூலையில் முருகனுக்கும் படவேட்டு ரேணுகாம்பாளுக்கும் நடுவில் ஒரு ராணுவக்காரர் இருந்தார். ரங்கூன் தாத்தா என்று பெயர். பழுப்பேறிய படம். கழுத்து வரைக்கும் பித்தளைப் பட்டன் போட்ட கோட்டு, சரிகைக் கரை வைத்த தலைப்பாகை, ஒரு கை பக்கத்து மேஜைமேல். இன்னொரு கை இடுப்பில் எதையோ பிடித்திருக்கும். என்னவென்று பார்க்க முடியாது. அந்த இடத்தில் மட்டும் படம் வெள்ளையாகக் கீறிக் கிடக்கும்.

அது வாள். பர்மா சண்டையில் தாத்தா செத்த அன்றைக்கு, ஊரில் அவர் வீட்டில் மாட்டியிருந்த படத்தில் வாள் தானாகவே அழிந்துபோனதாம். எனக்கு இதைச் சொன்னவர் என் கணவர் மணிவேல். எனக்கு மட்டுமா சொன்னார், தெருவுக்கே சொன்னார். பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் சொந்தக்காரர்கள் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து, வாள் அழிந்த படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, காபியும் குடித்துவிட்டுத்தான் நடக்கவே ஆரம்பிப்பார்கள். காபி போட்டே என் கை தேய்ந்தது.

நான் கவனித்தது வாளை அல்ல, கோட்டை. கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தையல் தெரியும். இப்போது ரமணாசிரமத்துக்குப் பின்னால் எங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூட உடுப்பிலிருந்து போலீஸ் குடியிருப்பின் காக்கி வரைக்கும் என்னிடம்தான் வரும். படத்திலிருந்த கோட்டின் தோள் தையல் அவர் தோளைத் தாண்டிக் கையில் இறங்கிக் கிடந்தது. கைநீளமும் ஜாஸ்தி, விரல் நுனிகள்தான் வெளியே தெரியும். அளவெடுத்துத் தைத்த துணி ஒரு நாளும் அப்படி உட்காராது. படம் வீட்டுக்கு வந்த வாரமே அவரிடம் சொன்னேன். பட்டாளத்தில் என்ன அளவா எடுப்பார்கள், கொடுத்ததைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன். கட்டின புருஷன் சொன்னதை நம்பாமல் வேறு யார் சொல்வதை நம்புவது.

படம் எப்படி வந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஆரணிப் பக்கத்து எங்கள் ஊரில், ஏரிக்கரையில் விடியற்காலையில் ஓடி ஓடிப் பழகி, நான் போலீஸ் தேர்வு எழுதி உடல் தகுதியிலும் தேறியிருந்தேன். ஆர்டர் வருவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. மணிவேலும் அதே போலீஸ் வேலைக்கு இரண்டு தடவை போய், கயிறு ஏறும்போது நழுவித் திரும்பியவர்தான். அதை மறைக்காமல் பெண் பார்க்க வந்தபோதே சொன்னார். நல்ல மனுஷன் என்று அப்போதே மனசுக்குள் ஒரு மார்க் போட்டேன். என் ஆர்டர் வந்தபோது வினோதினி வயிற்றில் இருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு சேர்ந்துகொள்ளலாமா என்று விசாரித்து வைத்திருந்தேன். அவரே ஸ்வீட் வாங்கி வந்து தெருவெல்லாம் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம் போளூருக்கு ஏதோ துக்கம் விசாரிக்கப் போனவர், துண்டில் சுற்றிய படத்தோடு வந்தார். பங்காளி வீட்டுப் பரணில் கிடைத்ததாம். நம் வம்சத்து ஆள்தான், பட்டாளத்தோடு ரங்கூனுக்குப் போய்த் திரும்பாதவர் என்றார். மாமனார் அப்பாதுரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, எங்கப்பா ஜாடை அப்படியே இருக்குது என்று அழுதுவிட்டார். அதன் பிறகுதான் என் கணவர் மீதிக் கதையைச் சொன்னார். சாவுச் செய்தி வந்த அன்று, தாத்தாவின் மனைவி கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தாளாம். இந்த வம்சத்தில் இனி ஒருத்தரும் சர்க்கார் உடுப்பு போடக் கூடாது, மீறிப் போட்டால் வீட்டில் ஒரு உயிர் போகும் என்று. அதனால்தான் தனக்கும் கயிறு நழுவியிருக்கிறது, தாத்தாவேதான் தடுத்திருக்கிறார் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு உயிர் என்றதும் என் கை வயிற்றுக்குப் போய்விட்டது. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. மாமியார் சொல்லவில்லை, மாமனார் சொல்லவில்லை. இவரோ, உன் இஷ்டம் அருணா, நான் தடுக்க மாட்டேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானேதான் ஆர்டரைப் படத்துக்கு முன்னால் வைத்து, மேலே கற்பூரத்தை ஏற்றினேன். எரிந்து முடிகிற வரைக்கும் இவர் பக்கத்திலேயே நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் எரிகிறது.

அந்த வினோதினிதான் இப்போது போலீஸ் தேர்வில் தேறியிருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதி, தெரியாமல் ஓடி, தேறின பிறகுதான் சொன்னாள். வருகிற திங்கட்கிழமை வேலூரில் பயிற்சிக்குப் போய்ச் சேர வேண்டும். இவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீயே பக்குவமா சொல்லு, நான் சொன்னா பாப்பா கேக்காது என்றார். நானும் சொன்னேன். பக்குவமாக எங்கே வந்தது, பயத்தில் கத்தித்தான் தீர்த்தேன். உன் உயிரைக் காப்பாற்றத்தான் நான் ஆர்டரை எரித்தேன், நீ போய் வேறு யார் உயிரை வாங்கப் போகிறாய் என்று கேட்டேன். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்தால் சாப்பிடுவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் ஆடிப் படையல் வந்தது. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்குப் படைப்பது எங்கள் வழக்கம். கறிக்குழம்பு, கருவாடு, அவித்த முட்டை, முருங்கைக்கீரை, ஓரமாக ஒரு குவார்ட்டர், ஒரு சுருட்டு. பட்டாளத்து ஆளாயிற்றே, சுருட்டு இல்லாமல் எப்படி. இருட்டின பிறகுதான் தீபாராதனை காட்டுவோம். ஆனால் மத்தியானமே சமைத்து இலையில் எடுத்து வைத்துவிட்டேன். இவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் மேனேஜர், சாயங்காலம்தான் வருவார்.

அந்த நேரத்தில் தர்மவதி அம்மா பேரனின் கால்சட்டையை வாங்கிப்போக வந்தார். வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம், எழுபது தாண்டியவர். மகனுக்கு இங்கே பேங்க் வேலை, அதனால் அடுத்த தெருவுக்குக் குடிவந்திருக்கிறார்கள். சூரியன் சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். வெளியே தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார், கையில் பாட்டில் இருக்கும். வெயிலில் வந்தவர் உள்ளே ஃபேனுக்குக் கீழே உட்காரட்டுமா என்று கேட்டார். கறிவாசனைக்கு முகம் சுளிப்பாரே என்று எனக்குக் கூச்சம். பரவாயில்லை என்று வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் எழுந்துவிட்டார். படத்துக்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, அந்த வெள்ளைக் கீறலில் விரலை வைத்தார்.

"இந்தக் கத்திய சொரண்டினது நான்தாம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வயதானவர், வெயில் வேறு. உட்காருங்கம்மா என்று கையைப் பிடித்தேன். அவர் உட்காரவில்லை. மெதுவாக, ஒன்றொன்றாகச் சொன்னார். படத்தில் இருப்பவர் அவருடைய அப்பாவின் தாத்தா. பேர் வர்த்தமான நயினார். பட்டாளத்தோடு ரங்கூனுக்குப் போனது நிஜம்தான், ஆனால் சிப்பாயாக இல்லை. அரிசி பருப்புக் கணக்கு எழுதுகிற ஆளாகப் போனார். அங்கே ஒரு படம் பிடிக்கிற கடைக்குப் போனபோது, கூட வந்த சிப்பாய் ஒருவரின் கோட்டையும் தலைப்பாகையையும் ஆசைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். வாள் கடைக்காரருடையது.

"அவரு பர்மாவுலயே செத்துட்டாரில்ல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"யாரு சொன்னா? திரும்பி வந்து, கண்ணாலம் பண்ணி, எம்பது வயசு வரைக்கும் இருந்தாராம். எங்கூரு கோயில்ல தெனம் பூஜைக்கு மொத ஆளா போய் நிப்பாராம்."

படத்தை ஊருக்குக் கொண்டுவந்தபோது, மகன் கையில் வாளைப் பார்த்த அவருடைய அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாளாம். எறும்பை மிதிக்காத வீட்டில் வாளா என்று. அவர் வெட்கப்பட்டுப் படத்தைப் பரணில் போட்டுவிட்டார். ரொம்ப காலம் கழித்து, சுண்ணாம்பு அடிக்கும்போது இறக்கி வைத்திருந்த படத்தைச் சின்னப் பெண்ணான தர்மவதி பார்த்து, ஏன் இவரைச் சுவரில் மாட்டவில்லை என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். கத்தி இருக்குதே என்றாராம் அப்பா. அவ்வளவுதானே என்று ஊக்கை எடுத்துச் சுரண்டிவிட்டார். அடி வாங்கினார், ஆனால் படம் சுவருக்கு ஏறியது. பிறகு வீட்டைப் பாகம் பிரித்து இடித்தபோது, அவருடைய அண்ணன் பித்தளை, மரச்சட்டம் எல்லாவற்றோடும் இதையும் பழம்பொருள் வாங்க வந்த வண்டியில் ஏற்றிவிட்டார்.

சொல்லி முடித்துவிட்டு இலையைப் பார்த்தார். கறிக்குழம்பு, கருவாடு, குவார்ட்டர், சுருட்டு. அவர் கண் கலங்கியது. கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எங்கள்ல செத்தவங்களுக்குப் படைக்கறதே கெடையாது. உயிரு அப்பவே வேற உடம்பு எடுத்துக்கும். இதை மட்டும் எடுத்துடும்மா" என்றார். இலையை அப்படியே சுருட்டி எடுத்தேன். பொழுது சாய்ந்தால் வாயில் பருக்கை போடாத மனுஷனுக்கு இத்தனை வருஷமாக இருட்டில் கறியும் சாராயமும் வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்றுதான் தெரியவில்லை.

அப்போதும் நான் என் கணவரைச் சந்தேகப்படவில்லை. போளூர்ப் பங்காளிகள் இவரை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பாவம், எப்படித் தாங்குவார் என்று அவருக்காகக்கூடக் கவலைப்பட்டேன். வண்டியில் ஏற்றிப்போனது செங்கம் ரோட்டு இராமலிங்கம் என்று தர்மவதி அம்மா சொன்னதும், படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் ஆட்டோவில் போனோம். இராமலிங்கம் பழைய கதவு, தூண், பீங்கான் ஜாடி, போட்டோ என்று வெள்ளைக்காரர்கள் வரும் காபிக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் விற்பவர், லாட்ஜ் பழக்கத்தில் எங்களையும் தெரியும். படத்தைப் பார்த்ததுமே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. சுரண்டின படத்தை எவன் வாங்குவான் என்று ஓரமாகப் போட்டிருந்தாராம், அதனாலேயே மறக்கவில்லையாம்.

"உங்க வூட்டுக்காரருதாம்மா வாங்கினாரு. உடுப்பு போட்ட ஆளு படமா வோணும்னு கேட்டாரு. நாலஞ்சு எடுத்துப் போட்டேன். ஒருத்தரு வெள்ளைக்காரன் மாதிரி இருக்காரு, வாணாம்னாரு. ஒருத்தரு ரொம்ப சின்ன வயசுன்னாரு. கடைசியா இவரைப் பாத்துட்டு, எங்கப்பா ஜாடை கொஞ்சம் இருக்குதுனு எடுத்துக்கினாரு."

தேர்ந்தெடுத்திருக்கிறார். ஜவுளிக் கடையில் புடவை எடுப்பது போலப் புரட்டிப் பார்த்து, எனக்கு என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எந்தச் சமயத்தில் என்று இராமலிங்கத்தைக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் கேட்டேன். வாங்கின அன்றைக்கு இவர் கடையில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தாராம், மனைவிக்குப் போலீஸ் வேலை கிடைத்திருக்கிறது என்று. போளூரில் யாருமே சாகவில்லை. அழக்கூட வரவில்லை எனக்கு. தர்மவதி அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை, ஆனால் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். படத்தை அவர் மடியில் வைத்து, வீட்டுக்குக் கூட்டிப் போங்க என்று சொல்லி ஆட்டோ ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் இவர் வந்தார். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, எப்போதும்போல மூலைக்குப் போய்க் கையைத் தூக்கினார். முருகன் இருந்தார், ரேணுகாம்பாள் இருந்தாள். நடுவில் ஆணியும் ஒட்டடையும்தான். தூக்கின கை அப்படியே நின்றது. வினோதினி கூடத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"படம் எங்க அருணா?"

"அவங்க வூட்டுக்குப் போயிடுச்சு. இராமலிங்கத்தையும் பாத்துட்டு வந்தேன்" என்றேன்.

மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் ஆர்டர் வந்தபோது தெருவில் எல்லோரும் ஒரு மாதிரி சிரித்தார்களாம். பொண்டாட்டி போலீஸ், புருஷன் கயிறு ஏறத் தெரியாதவன் என்று லாட்ஜில் ஒருவன் காது படச் சொன்னானாம். நான் டூட்டி டூட்டி என்று வெளியூர் போய்விடுவேன், தன்னை மதிக்க மாட்டேன் என்று பயமாக இருந்ததாம். கொஞ்ச நாளைக்குத்தான் என்று செய்தாராம். அப்பா அழுது கும்பிட ஆரம்பித்த பிறகு எப்படிச் சொல்வது என்று கேட்டார், என்னவோ நான் பதில் வைத்திருப்பது போல.

"தெரிஞ்சேதான் தெனம் கும்பிட்டீங்களா?"

"கும்பிடக் கும்பிட நெசம் மாதிரியே ஆயிடுச்சும்மா" என்றார்.

அதை நான் நம்புகிறேன். அவருக்குத்தான் அந்தத் தாத்தா ரொம்பத் தேவைப்பட்டிருக்கிறார். நழுவின கயிற்றுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே. ஒரு நிமிஷம் இரக்கம்கூட வந்தது. அப்போதுதான் வினோதினி எழுந்து வந்தாள். என்னைப் பார்க்காமல் அவரைத்தான் கேட்டாள்.

"'எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்ல பாப்பா, உங்கம்மாதான் சாமிக்குப் பயந்துக்கினு ஒத்துக்க மாட்டேங்கறா'னு போன வாரம் சொன்னியேப்பா. நீதான என்னை வேலூருக்குக் கூட்டிம்போறேன்னு சொன்ன, அம்மா மட்டும் சரின்னா."

எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. அவளிடம் நல்லவர், என்னிடம் நல்லவர். நடுவில் கத்தினவள் நான், பெற்ற பெண்ணின் முகத்தை இழந்தவள் நான். எனக்குச் செய்ததைச் சின்ன வயதுப் புத்தி என்று ஒருவேளை விட்டிருப்பேன். போன வாரம் அவருக்குச் சின்ன வயதா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்க, என் பயத்தைப் பிடித்து என் பெண்ணின் குறுக்கே போட்டுவிட்டார். அந்தப் பயமும் அவர் கொடுத்ததுதான்.

வினோதினி என் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

இவருக்கு அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது போல. எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். ஏதோ கணக்கைச் சரிசெய்து முடித்துவிட்டவரின் முகம். "சரி, ஆனது ஆயிடுச்சு. பாப்பா போவட்டும். திங்கக்கெழமை நானே கொண்டுபோய் வுட்டுட்டு வரேன். போதுமா?" என்றார்.

"அவ போவா. நீ வுட்டாலும் போவா, வுடாட்டியும் போவா" என்றேன். "என்னை எப்பக் கொண்டுபோய் வுடப் போற?"

இத்தனை வருஷத்தில் அவரை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. இப்போதுதான் கட்டின வேட்டியை மறுபடியும் அவிழ்த்துக் கட்டினார். நானும் விடவில்லை, பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.